ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டின் கணக்கு

கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் 'பசுமை அழகு' என்று ஒரு வாரம் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஷாம்பு, முகப்பூச்சு, உதட்டுச்சாயம் என்று நாம் அன்றாடம் வாங்கும் பொருட்களின் உறையெல்லாம் பிறகு எங்கே போகிறது என்பது கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்டதற்காக அவர்களைப் பாராட்டவே செய்வேன். ஆனால் கடைசி நாளில் பெண்கள் விடுதிக் குப்பைத் தொட்டியிலிருந்து காலி ஷாம்பு பாக்கெட்டுகளை எடுத்துவரச் செய்து, ஒரு பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டி, 'இது நம் விடுதியின் வெட்கம்' என்று எழுதி நுழைவாயிலில் வைத்துவிட்டார்கள். தொட்டியில் கைவிட்டுப் பொறுக்கிக் கொடுத்தவர் விடுதியைக் கூட்டிப் பெருக்கும் அம்மா. அட்டைக்குப் பக்கத்து மேசையில் மூங்கில் சீப்பும், கண்ணாடிக் குப்பியில் குளியல் பொடியும், 350 ரூபாய்க்கு ஷாம்புக் கட்டியும் விற்பனைக்கு இருந்தன.

அன்றிரவு அந்த விடுதியிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். "அக்கா, அந்த அட்டையில இருந்ததுல பாதி எங்க ரெண்டு மூணு ரூம் பிள்ளைங்க போட்டதுதான். பாட்டில் வாங்குற பிள்ளைங்க குப்பையை யாரும் ஒட்டல" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டாள். "பிளாஸ்டிக் கெட்டதுதானேக்கா? அப்ப அவங்க சொல்றது சரியா, தப்பா?"

போனில் சொன்னது எனக்கே போதவில்லை. இந்தப் பதிவு அவளுக்கும், அந்த மன்றத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

'தேவையில்லாத ஆடம்பரம்' என்று ஒப்பனைப் பொருட்களைத் தள்ளிவிடுவது சிலருக்கு எளிது. நமக்கு அதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச்.ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறக்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. (அவர் எழுதியது 'சாஃப்ரன்' என்றுதான். அந்தக் கால வெள்ளைக்காரர்கள் மஞ்சளையும் அப்படித்தான் எழுதுவார்கள்.) மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசியபோதும் உடையும் நகையும் பேச்சில் வந்தன. தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடையையும் நகையையும் விட்டுவிடுங்கள், மற்றப் பெண்களைப் போலச் சேலை கட்டுங்கள் என்றார். உடம்பில் எதைப் பூசலாம், எதை உடுத்தலாம் என்று அடுத்தவன் தீர்மானித்த வரலாறு நம்முடையது. அதனால்தான் ஒரு விடுதி வாசலில் 'வெட்கம்' என்று எழுதி ஒட்டினால் அது நம் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி வலிக்கிறது.

என் அம்மா நகராட்சியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். நான் படித்த பள்ளியில் ஒரு டீச்சர் என்னையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். காரணம் தலை நாற்றமாம். அந்த வாரமே அம்மா பெட்டிக்கடையில் தொங்கிய சரத்திலிருந்து இரண்டு ஷாம்பு பாக்கெட் கிழித்து வாங்கி வந்தார். அக்காவுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. பல்லால் ஓரத்தைக் கடித்து, பிழிந்து முடித்து, காலி பாக்கெட்டில் தண்ணீர் விட்டு அலசி அந்த நுரையையும் தலையில் தேய்த்துக்கொள்வோம். திங்கட்கிழமை அந்த வாசனையோடு வகுப்பில் உட்கார்ந்தது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஷாம்பு பாக்கெட்டைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இங்கிருந்துதான் எழுத முடியும்.

இந்தப் பாக்கெட் நம் ஊர்ச் சரக்கு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் திரவத்தைச் சின்ன உறையில் அடைத்து விற்கும் யோசனையின் முன்னோடி. கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவருடைய மகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மகன் சி.கே.ரங்கநாதன், குடும்ப நிறுவனத்திலிருந்து பிரிந்து 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பிறகு பன்னாட்டு நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. இன்று ஷாம்பு மட்டுமில்லை, முகப்பூச்சு, தலைச்சாயம், எண்ணெய் எல்லாமே சரமாகத் தொங்குகிறது.

வெளிநாட்டுச் சூழலியல் கட்டுரைகளைப் படித்துவிட்டு, 'சின்ன உறையில் ஏழைகளுக்குத்தான் விலை கூடுதல், பாட்டில் வாங்கினால் மிச்சம்' என்று சிலர் நமக்கு வகுப்பெடுப்பார்கள். இந்தியாவில் ஷாம்புக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். கடையில் நின்று பாட்டிலின் விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள், பாக்கெட்டின் விலையையும் வகுத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் பாக்கெட் வெகு மலிவாக இருக்கும். அறியாமையால் அதை வாங்குகிறோம் என்று நினைப்பவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் போடட்டும்.

ஆனாலும் அந்தத் தங்கை கேட்டது சரியான கேள்வி. பாக்கெட் கெட்டதுதான். அதை மழுப்ப மாட்டேன்.

அது ஏன் கெட்டது என்று குப்பை பிரிக்கும் பெண்களிடம் கேளுங்கள், ஒரே வரியில் சொல்வார்கள்: காயலான் கடையில் அதற்குக் காசு கிடையாது. ஷாம்பு பாட்டில் கெட்டிப் பிளாஸ்டிக், கிலோவுக்கு விலை உண்டு. அதனால் அது தெருவில் கிடக்காது, யாராவது எடுத்துவிடுவார்கள். பாக்கெட் அப்படியில்லை. அச்சடிக்க வசதியாக வெளியே ஒரு படலம், நடுவில் அலுமினியம் அல்லது அலுமினியப் பூச்சு, சூட்டில் ஒட்டிக்கொள்ள உள்ளே பாலித்தீன். மூன்றையும் பிரித்தெடுக்க ஆகும் செலவு கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். தவிர, காலி பாக்கெட் ஒன்று ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கு மேல் குனிந்து பொறுக்க வேண்டும். ஆயிரம் முறை குனிந்து கடைசியில் கையில் ஒன்றுமில்லை என்றால் யார் பொறுக்குவார்கள்? ஆக அது சாக்கடையில் அடைக்கும். அடைத்தால் இறங்கி எடுப்பது யார் என்று இந்தப் பதிவைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

'பசுமை அழகு' பேசுகிறவர்கள் பொருளைப் பார்க்கிறார்கள், அதைத் தொடுகிற கையைப் பார்ப்பதில்லை. எனக்கு அவர்களோடு இருக்கும் சண்டையெல்லாம் இது ஒன்றுதான்.

மைக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிமையிலும் உதட்டிலும் மினுமினுக்கும் பொடி அது. பிளாஸ்டிக் மினுக்குக்குப் பதில் 'இயற்கைக் கனிமம்' என்று போட்டு விற்பார்கள். அதில் பெரும்பங்கு வருவது ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கத்திலிருந்து. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன. காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆனால் அந்தச் சுரங்கங்களை நம்பியிருந்த மக்களுக்கு வேறு பிழைப்பு தரப்படவில்லை. கைவிட்ட குழிகளில் இறங்கி, 'டிப்ரா' என்று அவர்கள் சொல்லும் மைக்காத் துண்டுகளைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். தலித், ஆதிவாசிக் குடும்பங்கள், பல இடங்களில் குழந்தைகளும். சுரங்கமே சட்டத்துக்குப் புறம்பு என்பதால் குழி சரிந்து குழந்தை செத்தாலும் வெளியே சொல்லாமல் புதைத்துவிடுகிறார்கள் என்று 2016-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இரண்டே மாதத்தில் ஏழு குழந்தைகள். பிறகு சில நிறுவனங்கள் ஆய்வகத்தில் செய்த மைக்காவுக்கு மாறின. உறை காகிதம், மினுக்கு இயற்கை, டப்பா மறுசுழற்சி என்று எல்லாம் பசுமையாக இருக்கும் ஒரு பொருளுக்குள் இப்படி ஒரு குழி இருக்க முடியும்.

சீயக்காய்க்குத் திரும்புவோம் என்பவர்களிடம் எனக்குப் பெரிய வழக்கில்லை. நானும் வாரம் ஒருமுறை போட்டுக் குளிக்கிறவள்தான். ஆனால் 'நம் பாட்டி காலத்துத் தூய்மை' என்று பேச ஆரம்பித்ததும் எனக்குக் காது விடைத்துக்கொள்ளும். யார் வீட்டுப் பாட்டி? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத காலத்தில் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் அரைத்து, நிதானமாகத் தலைக்குக் குளித்த பாட்டிகள் எல்லாச் சேரியிலும் இருந்தார்களா?

சரி, சட்டத்துக்கு வருவோம். இளைஞர்கள் உட்கார்ந்து படிக்கவேண்டிய இடம் இது.

2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றன. ஷாம்பு பாக்கெட் நேரே அதில்தான் வரும். 2018 மார்ச்சில் கெடு முடிந்தது. முடிந்த அதே மாதம் விதியில் ஒரு திருத்தம் வந்தது: மறுசுழற்சி செய்ய முடியாத, 'அல்லது எரித்து ஆற்றலாக மீட்க முடியாத, அல்லது மாற்றுப் பயன் இல்லாத' பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று மாறியது. சிமென்ட் சூளையில் போட்டால் எதுதான் எரியாது? ஒரு 'அல்லது'வில் மொத்தப் பாக்கெட் தொழிலும் தப்பித்துக்கொண்டது.

பாக்கெட்டைத் தடை செய்யவே முடியாது என்பார்கள். குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டது. பூக்காரம்மா பூக்கட்டிக் கொடுக்கும் பை, இளநீர்க் கடைக்காரரின் உறிஞ்சுகுழல், டீக்கடைக் கப் எல்லாம் பட்டியலில் உண்டு. அதிகாரிகள் வந்தால் அபராதம். ஆனால் அதே பெட்டிக்கடையில் தலைக்கு மேலே தொங்குகிற சரம் அந்தப் பட்டியலில் இல்லை. சின்ன ஆளைப் பிடிப்பது எளிது.

2022-ல் 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்ற ஏற்பாடு விரிவான வழிகாட்டுதலாக வந்தது. எவ்வளவு பிளாஸ்டிக் உறையைச் சந்தையில் விடுகிறதோ அவ்வளவுக்கு அந்த நிறுவனமே பொறுப்பு. வளையும் உறைக்கும் பல அடுக்கு உறைக்கும் 2024-25-ல் குறைந்தது 30 விழுக்காடு மறுசுழற்சி, 2027-28-ல் 60 விழுக்காடு. மறுசுழற்சி ஆகாததைச் சாலை போடவும் சிமென்ட் சூளைக்கும் மின்சாரம் எடுக்கவும் அனுப்பலாம். நிறுவனம் தானே போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். கொள்கை நல்லதுதான். நடந்தது என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகா மூன்று மாநிலங்களில் தணிக்கை செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. பொறுக்காத குப்பைக்குப் பொறுக்கியதாகச் சீட்டு.

சான்றிதழ் அசலாகவே இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பணம் ஷாம்பு நிறுவனத்திடமிருந்து மறுசுழற்சியாளருக்குப் போகிறது. தெருவில் குனிந்தவருக்கு எவ்வளவு போகிறது? வழிகாட்டுதலில் விழுக்காடு எல்லாம் பொருளுக்குத்தான், கூலிக்கு ஒரு விழுக்காடும் குறிக்கப்படவில்லை. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்களே, உங்கள் பாக்கெட்டும் என் பாக்கெட்டும் அவர்கள் கையில்தான் போய்ச் சேருகிறது. எரித்து ஆற்றல் எடுப்பது என்றால் சென்னையில் அதற்குக் குறிக்கப்பட்ட இடம் கொடுங்கையூர். பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பையை மூச்சில் வாங்கிய வடசென்னை மக்கள் எரிஉலை வேண்டாம் என்று தெருவில் நிற்கிறார்கள். 'ஆற்றல் மீட்பு' என்று விதியில் படிக்கும்போது சுத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்கு வழி இல்லையா? உண்டு, அதுவும் பாக்கெட் வியாபாரத்தின் வரலாற்றிலேயே உண்டு. சிக் ஷாம்பு வளர்ந்த காலத்தில் அந்த நிறுவனம் ஒரு திட்டம் போட்டது: எந்தக் கம்பெனியின் ஷாம்பாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு, சிக் காலி பாக்கெட் கொண்டுவந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு ஏறியது என்று ரங்கநாதனே சொல்லியிருக்கிறார். நினைத்துப் பாருங்கள். கணினி இல்லை, க்யூஆர் கோடு இல்லை, 'நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்ற சொல்லே இல்லை. ஆனால் காலி பாக்கெட் வீட்டிலிருந்து பெட்டிக்கடைக்கும் அங்கிருந்து கம்பெனிக்கும் திரும்பிப் போனது. சந்தையைப் பிடிக்க வேண்டும் என்றபோது காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்க முடிந்தது. ஊரைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றால் முடியாதாம்.

அரசுக்கும் இது புதிதில்லை. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயைத் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. யானை நடக்கும் வழியில் பாட்டில் உடைந்து கிடக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் அழுத்திப் பிடித்ததால் வந்தது. கூடுதல் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று டாஸ்மாக் ஊழியர்கள் போராடுகிறார்கள். அதுவும் நியாயமே. பாக்கெட்டுக்கு இப்படி ஒன்று வந்தால் பெட்டிக்கடைக்காரருக்குக் கமிஷன் உண்டா, தெருவில் பொறுக்கிக் கொண்டுவருபவருக்கும் அதே காசு உண்டா என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பாக்கெட் செய்கிறோம், அது மறுசுழற்சி ஆகும் என்று சில நிறுவனங்கள் இப்போது சொல்கின்றன. நல்லது, செய்யட்டும். ஆனால் அதுவும் ஒரு கிராம்தான். பொறுக்குகிற கைக்கு விலை வைக்காதவரை அதுவும் சாக்கடைக்குத்தான் போகும். சொந்தப் பாட்டிலில் நிரப்பி வாங்கும் கடைகள் பெருநகரங்களில் வருகின்றன. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் அளந்து ஊற்றத் தயாராக இருந்தால் எங்கள் தெருவுக்கும் வரட்டும். எண்ணெயைச் சில்லறையாக அளந்து வாங்கிய ஜனங்கள்தான் நாங்கள்.

மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்தமுறை பாக்கெட்டுகளை எண்ணுங்கள், அறை வாரியாக வேண்டாம், நிறுவனம் வாரியாக எண்ணுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். 'பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்' இயக்கம் 2018 முதல் உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறது. பாட்டில், முகப்பூச்சு டப்பா, அமுக்குகிற மூடி, கட்டி வந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். கையுறை போட்டு நீங்களே பிரியுங்கள். கூட்டும் அம்மாவை உதவிக்குக் கூப்பிட்டால் அவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், எது விலை போகும் எது போகாது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு உங்கள் பேராசிரியருக்கும் தெரியாது.

எண்ணி முடித்ததும் உங்கள் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பல அடுக்குப் பிளாஸ்டிக் எத்தனை டன் சேகரிக்கப்பட்டது, அதில் எவ்வளவு சிமென்ட் ஆலைக்குப் போனது, எந்த நிறுவனத்தின் பொறுப்புக் கணக்கில் அது எழுதப்பட்டது, அதற்காக நகராட்சிக்கு வந்த தொகை எவ்வளவு, அதில் பிரித்தெடுத்த பணியாளர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மனுவின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவையுங்கள்.